ஆதிவராகக் காசும் பெயரில்லா அரசர்களும்: குப்தருக்குப் பின் வடக்கில் வெள்ளி வற்றியதா?

உரைகல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம்.

குப்தர்களோடு வட இந்தியாவில் நல்ல வெள்ளிக் காசு முடிந்தது, டெல்லி சுல்தான்கள் வரும்வரை 600 ஆண்டுகள் இருட்டு என்றொரு பேச்சு நாணயக் குழுக்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதை நிதானமாகப் பேச ஓர் இழை வேண்டும் என்று தோன்றியது.

ஒரு காசிலிருந்து தொடங்குகிறேன். கன்னோசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பிரதிகார அரசன் மிகிரபோஜன் (ஏறத்தாழ 836–885) வெளியிட்டது. எடை 4 கிராமுக்குச் சற்று முன்னேபின்னே. முகப்பில் பன்றித் தலையும் மனித உடலுமாக வராக மூர்த்தி, ஒரு காலை உயர்த்தி ஊன்றி நிற்கிறார். பக்கத்தில் சக்கரம். பின்புறத்தில் இரண்டு வரி எழுத்து: ஸ்ரீமத் ஆதிவராஹ. அதற்குக் கீழே கோடும் புள்ளியுமாக ஒரு தீப்பீடத்தின் மிச்சம். வட இந்தியாவின் பெரும்பகுதியை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆண்டவன், தன் காசில் போஜன் என்று போட்டுக்கொள்ளவில்லை. பட்டப்பெயர் மட்டும்தான்.

அவனுக்கு ஈடான மற்ற இரு வல்லரசுகளைப் பாருங்கள். வங்காளத்தில் பாலர்கள், தக்காணத்தில் இராட்டிரகூடர்கள். இன்னாருடையது என்று ஐயமில்லாமல் சொல்லத்தக்க காசு இரு வம்சத்துக்கும் கிட்டத்தட்ட இல்லை. எல்லோராவில் மலையைக் குடைந்து கைலாசநாதர் கோயிலை எடுத்தவர்கள் காசு இல்லாமலா ஆண்டார்கள்? வரலாற்றாசிரியர் ஆர்.எஸ். சர்மா 1965இல் இந்தக் காசுக் குறைவைத் தம் நிலமானிய வாதத்தின் தூண்களில் ஒன்றாக நிறுத்தினார். வணிகம் சுருங்கியது, நகரங்கள் தேய்ந்தன, காசுக்குப் பதில் நிலமே ஊதியமாயிற்று என்பது அவர் வாதம். 1990இல் நாணய ஆய்வாளர் ஜான் டெயெல் புதையல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிட்டு, காசு நிறையவே புழங்கியது, அதில் வெள்ளிதான் குறைவு என்று எழுதினார்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் காசை நல்ல காசு ஆக்கியது பழகிய உருவமும் எடையும், உள்ளே எவ்வளவு வெள்ளி என்பது சந்தைக்குத் தெரிந்திருந்ததும்தான். அரசன் பெயருக்கு அதில் பெரிய வேலை இல்லை. நாம்தான் அரசர் வாரியாகப் பட்டியல் போட்டுவிட்டு, பெயர் காணாத இடத்திலெல்லாம் காசே இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். காசைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள், கல்வெட்டு படிப்பவர்கள் வந்து பேச வேண்டும்.

பழந்துட்டு_கோவை

//காசு நிறையவே புழங்கியது, அதில் வெள்ளிதான் குறைவு//

ஐயா, இந்த ஒரு வரியிலேயே வழக்கு முடிந்துவிட்டதே. வெள்ளிக் காசில் வெள்ளி குறைந்தால் அதற்குப் பேர் பஞ்சம்தான்.

நான் சேர்ப்பது மேலைச் சத்ரபர் (குப்தருக்கு முன் குஜராத், மாளவப் பக்கம் ஆண்ட சக அரசர்கள்) காசும் குப்தர் வெள்ளியும். 2 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும் சின்னஞ்சிறு காசுகள். ஆனால் வெள்ளை வெளேரென்று இருக்கும். சத்ரபர்களை வென்ற கையோடு, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் சந்திரகுப்தன் அதே அளவில், அதே தலைப்படத்தோடு அடிக்கத் தொடங்கினான். பின்புறத்து மலையை எடுத்துவிட்டுக் கருடனை வைத்தான். குமாரகுப்தன் மயிலை வைத்தான். குப்தருக்குப் பின் கன்னோசியில் ஆண்ட மௌகரிகளும் அந்த முறையைத்தான் தொடர்ந்தார்கள். 1904இல் ஃபைசாபாத் பக்கம் பிதௌராவில் கிடைத்த புதையலில் பிரதாபசீலன், சீலாதித்தன் பெயர்களில் காசு இருக்கிறது. ஹர்ஷன் குடும்பத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயர்கள் அவை. 7ஆம் நூற்றாண்டு வரை அரசன் பெயரும் தலையும் காசில் இருந்தன என்பதற்குச் சொல்கிறேன்.

அதன்பின் ஆதிவராகம். தேய்ந்த இடத்திலெல்லாம் செம்பு தெரிகிறது. அந்த வகையின் கடைசிக் காலத்துக் காசுகளில் வெள்ளி என்று சொல்ல அதிகம் ஒன்றும் மிச்சமில்லை. சந்தை ஏற்றுக்கொண்டது என்கிறீர்கள், சரி. அப்படி ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலைமை எங்கிருந்து வந்தது? அதற்கு விடை சொல்லாமல் பெயரைப் பற்றி மட்டும் பேசினால் போதாது.

கல்வெட்டுப்பித்தன்

சந்தை என்ற சொல் வந்துவிட்டது, இனி சீயடோணிக் கல்வெட்டைப் பேசாமல் இருக்க முடியாது.

உத்தரப் பிரதேசத்தில் லலித்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஊர். ஒரே கல்லில் 903 முதல் 968 வரையான கொடைகளை வரிசையாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். வெற்றிலை விற்பவர், எண்ணெய் ஆட்டுபவர், குயவர், கல்தச்சர், சாராயம் காய்ச்சுபவர் என்று ஊர்த் தொழில்கள் அத்தனையும் அதில் வருகின்றன. கொடையாளிகளில் முக்கியமானவர் நாககன் என்ற உப்பு வணிகர். இவர் ஒரு கொடையில் 1350 திரம்மத்தை (அன்றைய வெள்ளிக் காசின் பெயர்) சாராயம் காய்ச்சுவோரிடம் முதலாகப் போடுகிறார். அவர்கள் மாதந்தோறும் ஒவ்வொரு சாராயப் பீப்பாய்க்கும் அரைத் திரம்மம் விஷ்ணு கோயிலுக்குக் கட்ட வேண்டும். நம் சோழர் கல்வெட்டில் முதற்பணத்தை ஊர்ச்சபையிடம் வைத்து, அதன் பலிசையில் (வட்டியில்) விளக்கெரிப்பது போலத்தான்.

கவனிக்க வேண்டியது இதுதான்: முதலாக வைத்தது ஸ்ரீமத் ஆதிவராக திரம்மம். வட்டியாகக் கேட்டது விக்ரகபால திரம்மம். இரண்டும் வேறு வேறு காசுகள் என்று எழுதியவருக்குத் தெரிகிறது, வாங்குபவருக்கும் தெரிகிறது. போஜன் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அரியணையில் வேறு ஆள். ஆனாலும் ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும்போது ஆதிவராகம்தான் எண்ணப்படுகிறது. இந்த விக்ரகபாலன் யார், பாலர் அரசனா வேறொருவனா என்ற சர்ச்சை ஆய்வாளர்களிடம் இன்னும் ஓயவில்லை. சீயடோணிச் சாராயக்காரருக்கு அந்தச் சந்தேகம் இருந்திருக்காது. எந்தக் காசைக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

தமிழ்க் கல்வெட்டிலும் ஈழக்காசு, பழங்காசு, அன்றாடு நற்காசு, மதுராந்தகன் மாடை என்று காசைப் பேர் சொல்லித்தான் எழுதுகிறார்கள். வெறும் காசு என்றால் வம்பு வரும் என்று அறிந்தவர்கள் எழுதிய எழுத்து. வடக்கே வணிகம் செத்துவிட்டது என்பவர்கள் சீயடோணியை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

புதியவன்_திருச்சி

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஒரு கண்காட்சியில் பழைய காசு ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் கோடு, புள்ளி, கொக்கி மாதிரி ஏதோ. மறுபக்கமும் கோடும் புள்ளியும்தான். எழுத்தே இல்லை. கடைக்காரர் கதையா என்றார், குஜராத் பக்கம் என்றார். உரைகல் ஐயா சொன்ன தீப்பீடம் இதிலும் இருக்கிறதா? எந்த அரசர் போட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உரைகல்

தம்பி, நல்ல இடத்தில் வந்து கேட்டீர்கள். எந்த அரசர் என்ற கேள்விக்கு உங்கள் காசு பதில் சொல்லாது. எங்கிருந்து கிளம்பி வந்தது என்று சொல்லும். அந்தக் கதை பெரியது.

பாரசீகத்தில் சாசானியப் பேரரசன் பேரோஸ் (459–484). அவனுடைய வெள்ளித் திரம்மம் அகலமானது, மெல்லியது, 4 கிராம் அளவு. ஒரு பக்கம் சிறகு வைத்த மகுடத்தோடு அரசன் தலை. மறுபக்கம் எரியும் தீப்பீடம், இருபுறமும் காவலர். கிழக்கே ஹெப்தலைட்டுகளோடு (வெள்ளை ஹூணர்) போருக்குப் போய்ப் பிடிபட்டான். விடுவிக்க 30 கோவேறு கழுதைச் சுமை வெள்ளிக் காசு தருவதாக ஒப்புக்கொண்டு, 20 சுமைதான் திரட்ட முடிந்தது, மீதிக்கு மகன் கவாத்தைப் பிணையாக விட்டான் என்று ஒரு சிரியாக் மொழிக் குறிப்பு சொல்கிறது. 484இல் மறுபடி போருக்குப் போய் உயிரையே விட்டான். இப்படிப் பிணைப் பணமாகவும் கப்பமாகவும் கொள்ளையாகவும் பேரோஸ் காசு மலை மலையாக ஆப்கானிஸ்தானத்துக்கும் வடமேற்கு இந்தியாவுக்கும் இறங்கியது. மக்கள் கைக்கு அந்தக் காசு பழகிவிட்டது. தீர்ந்ததும் அதே மாதிரி இங்கேயே அடித்தார்கள்.

அதைப் பார்த்து ஒருவர் அச்சு வெட்ட, அவர் அச்சைப் பார்த்து இன்னொருவர் வெட்ட, இப்படி ராஜஸ்தான், குஜராத், மாளவம் எங்கும் ஐந்நூறு அறுநூறு ஆண்டுகள் ஓடியது. சிறகு மகுடம் புள்ளிக்கூட்டமாயிற்று. மூக்கு ஒரு கோடு, கண் ஒரு புள்ளி. பீடம் ஏணி மாதிரி ஆகிவிட்டது, காவலர்கள் செங்குத்துக் கோடுகள். அச்சு வெட்டியவருக்குப் பேரோஸ் யாரென்று தெரிந்திருக்க வழியில்லை. அது அவருக்குக் காசின் முகம், அவ்வளவுதான்.

ஆதிவராகத்தின் எழுத்துக்குக் கீழே நிற்கும் பீடமும் இதே வழியில் வந்தது. சைவ வைணவக் கோயில்களுக்கு அள்ளிக் கொடுத்த கன்னோசி அரசனின் காசில், விஷ்ணுவின் அவதாரத்துக்கு முதுகுப்புறம், ஈரானியரின் அக்கினி வழிபாட்டுச் சின்னம். யாரும் அதை அகற்றச் சொல்லவில்லை. அது இருந்தால்தான் அது திரம்மம்.

உங்கள் காசைத் தராசில் போடுங்கள். அகலமாக, மெல்லியதாக, முகம் ஓரளவு புரியும்படி இருந்தால் முந்தையது. சிறுத்து, தடித்து, உருவம் முழுக்கச் சிதைந்திருந்தால் பிந்தையது, 11–12ஆம் நூற்றாண்டுப் பக்கம் போகும். கொங்கணத்து ஷிலாஹார அரசன் சித்தராஜன் மாதிரி மிகச் சிலர்தான் கதையாக் காசில் தங்கள் பெயரைச் சேர்த்தார்கள்.

வடக்குவாசல்

பெயரே வேண்டாம் என்பதற்கு இன்னும் அழுத்தமான சாட்சி காபூல் பக்கம் இருக்கிறது. காளையும் குதிரைவீரனும்.

இந்து ஷாகிகள் காபூலிலும் பின்னர் உதபாண்டபுரத்திலும் ஆண்டவர்கள். பஞ்ச்ஷீர் வெள்ளிச் சுரங்கம் கைக்கெட்டும் தூரம். அவர்கள் காசில் ஒருபுறம் படுத்த காளை, மேலே சாரதா எழுத்தில் ஸ்பலபதி தேவ அல்லது ஸ்ரீ சாமந்த தேவ. மறுபுறம் ஈட்டியோடு குதிரைவீரன். எடை 3 கிராமுக்குச் சற்று மேலே, முதலில் நல்ல வெள்ளி. கஜினி மஹ்மூத் காலத்து அறிஞர் அல்பிரூனி ஷாகி அரசர்களை வரிசையாகச் சொல்கிறார்: கல்லர், சாமந்தன், கமலு, பீமன், ஜெயபாலன், ஆனந்தபாலன், திரிலோசனபாலன். கஜினி மஹ்மூதோடு போரிட்டு வரலாற்றுப் பாடத்தில் இடம்பிடித்த ஜெயபாலனுக்கும் ஆனந்தபாலனுக்கும் காசு தேடினால் கிடைக்காது. அவர்கள் காலத்திலும் ஓடியது சாமந்தன் காசுதான். அடித்தவர்கள் அந்தப் பெயரை மாற்றத் துணியவில்லை.

எவ்வளவு தூரம் போயிற்று பாருங்கள். பாக்தாத்தின் அப்பாசிய கலீஃபா அல்முக்ததிர் (908–932) பெயரிலேயே காளையும் குதிரைவீரனும் போட்ட வெள்ளி இருக்கிறது. உருவமே கூடாது என்று எழுத்தை மட்டும் வைத்துக் காசடித்த மரபில் வந்த கலீஃபா! டெல்லி, அஜ்மீர் பக்கம் தோமரரும் சௌகானரும் செம்பு மிகுந்த கலவையில் இதையே அடித்தார்கள். 1192இல் தோற்ற பிருதிவிராஜனின் காசில் ஒருபக்கம் அவன் பெயர், காளைப் பக்கத்தில் இன்னமும் சாமந்த தேவ. அவனை வென்ற கோரி முகம்மது பின் சாமும் அந்தக் காளையையும் குதிரைவீரனையும் விடவில்லை. ஸ்ரீ மஹமத சாமே என்று நாகரியில் போட்டு அடித்தான்.

எனக்கு மிகப் பிடித்தது இதற்கு முந்திய ஒன்று. கஜினி மஹ்மூத் 1027–28இல் லாகூரில், மஹ்மூத்பூர் என்று பெயரிட்டு, அடித்த வெள்ளித் திர்ஹம். ஒரு பக்கம் அரபியில் கலிமா, அதாவது இஸ்லாமிய நம்பிக்கை வாசகம். மறுபக்கம் அதையே சம்ஸ்கிருதத்தில்: அவ்யக்தமேகம் முஹம்மத அவதார ந்ருபதி மஹமூத. வெளிப்படாத ஒன்றே கடவுள், முகம்மது அவன் அவதாரம், மஹ்மூத் அரசன் என்று பொருள். இறைத்தூதரை அவதாரம் என்று எழுதவிட்டது சோமநாதத்தைக் கொள்ளையிட்ட அதே மஹ்மூதின் அக்கசாலை (காசு அடிக்கும் இடம்). பஞ்சாபில் காசு ஓட வேண்டுமானால் பஞ்சாபிக்குப் புரிய வேண்டும். இந்தக் காசை வைத்து அவனை நல்லவனாக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். காசு அடிப்பவன் எதற்கெல்லாம் வளைந்து கொடுத்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பழந்துட்டு_கோவை

அருமையான தகவல்கள், மறுக்கவில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. குஜராத்தையும் பஞ்சாபையும் காட்டுகிறீர்கள். கடலும் கணவாயும் உள்ள இடங்கள். வெளியிலிருந்து வெள்ளி வந்துகொண்டே இருக்கும். வங்காளத்துக்கு வாருங்கள்.

பாலர்கள் நாலு நூற்றாண்டு ஆண்டார்கள். நாளந்தாவை ஆதரித்தார்கள், விக்கிரமசீலாவைக் கட்டினார்கள். புழங்கியது என்ன? மாலத்தீவிலிருந்து கப்பலில் வந்த சோழி. சேனர் காலச் செப்பேடுகளில் வருமானத்தைப் புராணம் என்று வெள்ளிக் காசுக் கணக்கில் எழுதுகிறார்கள், அதையும் கபர்தக புராணம், அதாவது சோழியில் எண்ணிய புராணம் என்கிறார்கள். சேன அரசன் லட்சுமணசேனன் கொடுக்கும் மிகச் சிறிய பரிசே ஒரு லட்சம் சோழி என்று 13ஆம் நூற்றாண்டுப் பாரசீக மொழி வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் எழுதினார். பெருமையாகத்தான் எழுதினார். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கணித நூலின் வாய்பாட்டில் 20 சோழி ஒரு காகிணி, 4 காகிணி ஒரு பணம், 16 பணம் ஒரு திரம்மம். ஆக ஒரு திரம்மத்துக்கு 1280 சோழி. வங்காளத்தில் விலை வேறாக இருந்திருக்கலாம், ஆனாலும் அந்த வாய்பாட்டின்படி லட்சம் சோழி 78 திரம்மம்தான் வரும். சீயடோணி உப்பு வணிகரின் ஒரு கொடையில் 17இல் ஒரு பங்கு! ஓர் அரசன் சோழியில் பரிசு கொடுக்கிறான் என்றால் அங்கே வெள்ளி இல்லை என்றுதான் அர்த்தம்.

கயல்_நூலகம்

பழந்துட்டு அண்ணா, வங்காளம் முழுவதையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். தென்கிழக்குக் கோடியில், இன்றைய சிட்டகாங், கொமில்லா பக்கம், ஹரிகேலக் காசு என்று தனியாகவே ஒரு வெள்ளி மரபு இருந்தது. அரக்கானில் ஆண்ட சந்திர வம்சத்தார் காசைப் பார்த்து 7ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கியது. ஒருபுறம் படுத்த காளை, மேலே ஹரிகேல என்ற ஊர்ப்பெயர், மறுபுறம் திரிசூலம் போன்ற சின்னம். தொடக்கத்தில் 8 கிராம் அளவு. பிறகு அகலமாக, மெல்லியதாக, ஒருபக்கம் மட்டும் அச்சிட்டதாக மாறுகிறது. அரபு திர்ஹத்தைக் கண்டு பழகிய கை அது என்று ஆய்வாளர்கள் சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. மைனாமதி அகழாய்வில் இவை கிடைத்துள்ளன.

இதிலும் அரசன் பெயர் இல்லை, நாட்டின் பெயர்தான். ஆகவே பாலர் காசு எங்கே என்று தேடுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. அதே சமயம் இது சோழிக்கு எதிரான சாட்சியும் ஆகாது. சந்தையில் கீரை வாங்க 8 கிராம் வெள்ளியை நீட்ட முடியுமா? சில்லறைக்குச் சோழி, கப்பல் சரக்குக்கு வெள்ளி. இரண்டும் ஒரே ஊரில் இருந்தன.

யாழ்_நிலவன்

வணக்கம். இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு விடயம் சொல்ல விரும்புகிறேன். இராஜராஜ சோழனுடைய நிற்கும் மனித உருவக் காசு உங்கள் எல்லோருக்கும் தெரியும். சோழர் ஆட்சி முடிந்த பிறகும் பொலனறுவை அரசர்கள் அந்த உருவத்தை விடவில்லை. பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி எல்லோருடைய செப்புக் காசிலும் அதே நிற்கும் உருவம், அதே அமர்ந்த உருவம். ஆனால் பெயர் மட்டும் ஆட்சிக்கு ஆட்சி ஒழுங்காக மாறியது. ஸ்ரீ ராஜலீலாவதி என்று நாகரியில் அரசியின் பெயரே இருக்கிறது.

ஆகவே உருவம் உறைந்துவிட்டால் பெயரும் உறைந்துபோகும் என்று விதி ஒன்றும் இல்லை. சோழரை விரட்டிய அரசர்களுக்குத் தங்கள் பெயர் காசில் வருவது முக்கியமாக இருந்தது. காபூல் சாமந்தனுக்குப் பின் வந்தவர்களுக்கு ஏன் அது முக்கியமாகப் படவில்லை என்பதையும் நீங்கள் விளக்க வேணும் உரைகல்.

வடக்குவாசல்

நிலவன், வடக்கிலும் விதிவிலக்கு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் அஜ்மீர் சௌகான் அஜயதேவன் லட்சுமி உருவம் போட்டுத் தன் பெயரில் வெள்ளிக் காசு வெளியிட்டான். அவன் அரசி சோமலதேவிக்கும் தனிக் காசு இருக்கிறது. லீலாவதிக்கு முன்பே ஓர் அரசியின் பெயர்.

உங்கள் கேள்விக்கு என் ஊகம்: ஒரு தீவு முழுவதும் ஓர் அரசின் காசு ஓடினால் பெயரை மாற்றலாம், மக்கள் ஏற்பார்கள். காபூல் காசு பல நாடுகளைத் தாண்டி ஓடியது. பெயர் மாறினால் எல்லைக்கு அப்பால் மதிப்பு விழும்.

கல்வெட்டுப்பித்தன்

வடக்குவாசல் சொன்னதற்குத் தக்காணத்திலிருந்து துணை இருக்கிறது. இராட்டிரகூடர் கேள்வியும் அதில் கொஞ்சம் தெளியும்.

6ஆம் நூற்றாண்டின் நடுவில் களசூரி அரசன் கிருஷ்ணராஜன், சத்ரபர் பாணியில் சிறிய வெள்ளிக் காசு போட்டான். தலை ஒருபுறம், நந்தி மறுபுறம், சுற்றிலும் பரமமாஹேஸ்வர என்று தொடங்கும் விருது. நாசிக் வட்டாரத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது. அவன் வம்சத்தைச் சாளுக்கியர் வீழ்த்தினார்கள். ஆனால் 710ஆம் ஆண்டு அஞ்சனேரிச் செப்பேடு கிருஷ்ணராஜ ரூபகம் என்றே காசைக் குறிப்பிடுகிறது. அரசன் போய் ஒன்றரை நூற்றாண்டு! நாடு சாளுக்கியருடையது, காசு செத்துப்போன களசூரியுடையது.

பிறகு இராட்டிரகூடர். 851ஆம் ஆண்டு அரபு வணிகக் குறிப்பு அவர்களைப் பல்ஹரா என்கிறது. அவர்கள் நாட்டில் ததாரிய திர்ஹம் ஓடுகிறது, ஒவ்வொன்றும் ஒன்றரைத் திர்ஹம் எடை என்கிறது. உமையா கலீஃபா அப்துல் மலிக்கின் காசுச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த அரபுத் திர்ஹம் 2.97 கிராம். ஒன்றரை மடங்கு என்றால் 4.4 கிராம் பக்கம். நம் புதியவன் கையில் இருக்கும் கதையா வகையும் 4 கிராமை ஒட்டியதுதான். வணிகர்கள் கண்ட திர்ஹம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. இராட்டிரகூடருக்குக் காசு இல்லை என்று நாம் எழுதுகிறோம், அவர்கள் துறைமுகத்தில் இறங்கிய அரபு வணிகர் காசின் எடையைக் குறித்து வைத்திருக்கிறார்.

பழந்துட்டு_கோவை

இதுவரை பேசியதில் ஒன்றை நான் ஏற்கிறேன்: அரசர் பட்டியலை வைத்துக் காசின் அளவை அளக்கக் கூடாது. அஞ்சனேரி ஒன்றே அதற்குப் போதும்.

ஆனால் சர்மா சொன்னதன் மையம் இதனால் ஆடவில்லை. பிராமணருக்கும் படைத்தலைவருக்கும் அதிகாரிக்கும் ஊர் ஊராக எழுதிக் கொடுத்த செப்பேடுகள் நம் கண்முன் இருக்கின்றன. சாராயக்காரரும் உப்பு வணிகரும் தங்களுக்குள் திரம்மத்தில் கணக்கு வைத்திருக்கலாம். அரசன் தன் படைக்குத் திரம்மத்தில் சம்பளம் கொடுத்தானா? குப்தன் காசில் தன் தலையைப் போட்டது ஆசைக்காக மட்டும் இல்லை. அவன் கையிலிருந்து அந்தக் காசு வெளியே போயிற்று, வரியாகத் திரும்பி வந்தது. பெயர் வேண்டாம் என்று அரசனே விட்டுவிட்டான் என்றால், காசைப் போடுவதிலும் ஒழுங்குபடுத்துவதிலும் அவன் பிடி தளர்ந்துவிட்டது என்றல்லவா ஆகிறது? வணிகர் காசு பிழைத்தது. அரசின் காசு பிழைத்ததா?

உரைகல்

மிகச் சரியான கேள்வி. இந்த இழையின் முதல் பதிவில் நான் எழுதியதைவிட இது ஆழமானது.

படைச்சம்பளம் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பிடி தளர்ந்தது என்பதை எல்லா இடத்துக்கும் பொதுவாக வைக்க முடியாது. ஆதிவராகத்தைப் பாருங்கள். பெயர் மறையாமல் பட்டமாக நிற்கிறது, கூடவே வராகம் என்ற புது உருவம் முகப்புக்கு வந்துவிட்டது. பின்னாளில் விநாயகபாலனும் அதே வராகத்தை வைத்துத் தன் பெயரை எழுதினான். கன்னோசி அரசுக்குக் காசின் மேல் அக்கறை இருந்தது. தீப்பீடத்தைத் தூக்கி எறியும் துணிச்சல்தான் இல்லை. கதையாவில் நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும். அங்கே அரசின் கை தெரியவில்லை.

வெள்ளிக்கு வருவோம். இந்தியாவில் வெள்ளிச் சுரங்கம் எப்போதும் சொற்பம். ராஜஸ்தானின் ஜாவர் உண்டு, ஆனால் பெரும்பகுதி வெளியிலிருந்து வர வேண்டும். கிடைத்த வெள்ளியைச் செம்போடு நீட்டி அதிகக் காசாக அடித்தால் சந்தை ஓடும். இல்லாவிட்டால் சந்தை நிற்கும். செம்பு கலந்ததை ஏமாற்று என்று நாம் பார்க்கிறோம். சீயடோணிக்காரர்கள் அதை அறிந்தே வாங்கினார்கள், அதனால்தான் காசுக்குக் காசு பேர் சொன்னார்கள்.

கல்வெட்டுப்பித்தன்

அறிந்தே வாங்கினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று 1318இல் இருக்கிறது. டெல்லியில் கில்ஜிகளின் அக்கசாலையில் வேலை பார்த்த டக்கர பேரு என்ற சமணர், காசுகளின் மாற்றுப் பார்க்கும் முறையைத் திரவிய பரீட்சை என்று நூலாகவே எழுதினார். மாளவம், குஜராத், சந்தேரி, ஜலந்தர் என்று பல நாட்டுப் பழங்காசுகள். நூறு காசை உருக்கினால் எத்தனை தோலா, எத்தனை மாஷா வெள்ளி தேறும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. சந்தையில் நாணயம் மாற்றுபவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் இருந்த அறிவை அவர் ஏட்டில் ஏற்றினார் என்றுதான் நான் படிக்கிறேன்.

பழந்துட்டு_கோவை

பேருவை நானும் மதிக்கிறேன். ஆனால் அவருக்கு நூறு ஆண்டு முன்பே இல்துத்மிஷ் (1211–1236) 11 கிராமை ஒட்டிய சுத்த வெள்ளித் தங்கா அடித்துவிட்டான். வெள்ளி வற்றிய நாட்டில் அவ்வளவு வெள்ளி திடீரென்று எங்கிருந்து வந்தது? கோயில்களிலும் அரண்மனைகளிலும் முடங்கிக் கிடந்ததை உருக்கினார்களா, வங்காளத்துக்கு அப்பாலிருந்து புதுவழி திறந்ததா? முடங்கிக் கிடந்தது என்றால் நான் சொன்ன பஞ்சம் காசுப் பஞ்சம்தான், வெள்ளிப் பஞ்சம் இல்லை என்று ஆகும். அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். கயல், ஹரிகேலத்துக்குக் கிழக்கே பர்மா வழியைப் பற்றி உங்களிடம் இருப்பதை அங்கே எழுதுங்கள்.

புதியவன்_திருச்சி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நகைக்கடைத் தராசில் போட்டதில் 4.1 கிராம் காட்டுகிறது. சிறியது, தடிமனானது. ஓரத்தில் லேசாகச் சிவப்பு தெரிகிறது. உருக்கிப் பார்க்கலாமா என்று தராசுக்காரர் கேட்டார், வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உரைகல்

நல்ல வேலை செய்தீர்கள். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அளவுக்கு அது பிந்தைய கதையாவாகத் தெரிகிறது. இரண்டு பக்கத்தையும், ஓரத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். ஓரத்தில் சுற்றிலும் கோடு மாதிரி இணைப்பு தெரிந்தால் வார்ப்புப் போலி. அது இல்லையென்றால் ஏணி மாதிரி இருக்கும் பக்கத்தைப் பீடம் நேராக நிற்கும்படி வைத்து எடுங்கள், மூக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.